பயோடேட்டாவில் ‘பேராசை’ என்று போடலாமா?

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, “‘ஆம்பிஷியஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒற்றைத் தமிழ்ச் சொல் தேடி அலையாதீர்கள்” என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். வாழ்க்கையில் முன்னுக்கு வரத் துடிக்கிறவரைச் சொல்கிற சொல் அது. வாசகர்கள் விடவில்லை. ‘ஏன் அலையக் கூடாது?’ என்று கேட்டு ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. சரி, இந்த இதழ் முழுக்க ஆசைதான்.

“பி.காம். முடித்துவிட்டு வேலை தேடுகிறேன் அக்கா. ஒரு நிதி நிறுவனத்தில் தமிழில் பயோடேட்டா கேட்டார்கள். ஆங்கிலத்தில் ‘ஆம்பிஷியஸ்’ என்று போட்டிருந்ததைக் கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். ‘பேராசை கொண்ட’ என்று வந்தது. அப்படியே போட்டுவிடலாமா?”
— ஒரு பட்டதாரி, திண்டுக்கல்

போட்டுவிடாதீர்கள் தம்பி. அதுவும் நிதி நிறுவனத்துக்கு! பணம் புழங்குகிற இடத்தில் ‘நான் பேராசை கொண்டவன்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தால், கல்லாப் பக்கமே விட மாட்டார்கள்.

கைபேசியைக் குறை சொல்லவும் முடியாது. பெரிய ஆசை என்றால் பேராசை என்று கணக்குப் போட்டிருக்கிறது. ஆனால் நம் பேச்சில் இரண்டும் வேறு. “டாக்டராகணும்னு எனக்குப் பெரிய ஆசை” என்று ஒரு பிள்ளை சொன்னால் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுவோம். “எனக்குப் பேராசை” என்று சொன்னால் வாய்விட்டுச் சிரிப்போம். ‘பெரிய’வும் ‘ஆசை’யும் சேர்ந்து ஒரே சொல்லாக ஆனதும், அடுத்தவன் பங்கையும் அள்ளிக்கொள்கிற அர்த்தம் உள்ளே புகுந்துவிட்டது. ‘பேராசை பெருநட்டம்’ என்று கேட்டே வளர்ந்த காதுக்கு அது ஒருநாளும் புகழ்ச்சியாக ஒலிக்காது.

அப்படியானால் எதைப் போடுவது? முதலில் ஒரு சின்ன இலக்கணம். நல்ல, பெரிய, சின்ன, புதிய, பழைய என்று தானாக நிற்கிற பெயரடைகள் தமிழில் குறைவு. மற்றதெல்லாம் ஒரு பெயரோடு ‘ஆன’, ‘உள்ள’, ‘மிக்க’ என்று எதையாவது ஒட்டிச் செய்துகொள்வதுதான். துடிப்பான, ஊக்கமுள்ள, முனைப்புமிக்க என்று. அதுவும் போதாவிட்டால் வினைச்சொல்லை வளைத்துக்கொள்கிறோம்: ‘முன்னுக்கு வரத் துடிக்கிற பையன்’. ஆங்கிலத்துக்காரர் ஒரு சொல்லில் முடிப்பதை நாம் ஒரு வினையில் சொல்கிறோம். இது குறை இல்லை. எங்கே போகத் துடிக்கிறான், எப்படித் துடிக்கிறான் என்பது வினையில்தான் தெரியும்.

என் வீட்டுத் தெருமுனையில் ஒரு பரோட்டாக் கடை இருக்கிறது. மாவை வீசுகிற பையனுக்கு 22 வயது இருக்கும். இரவு பத்தரைக்குக் கல்லைச் சுரண்டிக் கழுவுகிற நேரத்தில் போனால் பேசுவான். அவன் ஒருநாளும் ‘எனக்கு லட்சியம் இருக்கிறது’ என்று சொன்னதில்லை. சொல்வது இவ்வளவுதான்: “தனியா ஒரு கடை போட்ரணும்க்கா.” இன்னொரு நாள்: “ஒரு நிலைமைக்கு வந்துட்டுத்தான் கல்யாணம்.” அந்த ‘ஒரு நிலைமை’ என்ன நிலைமை என்று நான் கேட்கவும் இல்லை, அவன் சொல்லவும் இல்லை. கேட்கத் தேவையே இல்லாமல் புரிகிறது பாருங்கள், அதுதான் அந்தத் தொடரின் அழகு. பெரிய ஆளா வரணும், சொந்தக் கால்ல நிக்கணும், நாலு பேர் மதிக்கிற மாதிரி வாழணும், தலையெடுக்கணும் என்று நம் வீடுகளில் புழங்குவதெல்லாம் இந்த வகைதான். அகராதியில் ‘ஆம்பிஷியஸ்’ என்ற தலைப்பின் கீழ் இவற்றைத் தேடினால் கிடைக்காது. ஆனால் அந்தப் பொருளுக்கு நாம் தினமும் எடுத்துச் செலவு செய்கிற சில்லறை இவைதான்.

பயோடேட்டாவில் ‘ஒரு நிலைமைக்கு வர நினைப்பவன்’ என்று எழுத முடியாது, தெரியும். ‘முனைப்பு’ நல்ல சொல். முனை என்றால் நுனி, போர்முனை. முன்னால் போய் நிற்கிற குணம் அதில் இருக்கிறது. தொழில்முனைவோர், முனைவர் என்று மதிப்பான உறவுக்காரர்களும் உண்டு. ஒரே ஓர் எச்சரிக்கை: ‘முனைப்பு’க்கு முன்னால் ‘தன்’ சேர்ந்துவிட்டால் கதை மாறிவிடும். தன்முனைப்பு என்றால் ‘நான்’ என்கிற அகந்தை.

என்னைக் கேட்டால் பெயரடையே வேண்டாம். ‘முனைப்புமிக்கவன், துடிப்பானவன், கடின உழைப்பாளி’ என்று மூன்றையும் வரிசையாக அடுக்காத பயோடேட்டாவை நான் இன்னும் பார்க்கவில்லை. ‘ஐந்து ஆண்டுகளில் ஒரு கிளையைத் தனியாக நிர்வகிக்கும் அளவுக்குத் தேற வேண்டும் என்பது என் நோக்கம்’ என்று ஒரு வரி எழுதுங்கள். படிக்கிறவருக்கு உங்களை நேரில் பார்த்த மாதிரி இருக்கும்.

“லட்சியம், குறிக்கோள், இலக்கு மூன்றும் ஒன்றுதானே? ‘லட்சியம்’ சரியா, ‘இலட்சியம்’ சரியா?”
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விருதுநகர்

ஐயா, என்னைச் சோதிக்கக் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. கைகட்டி நின்றே சொல்கிறேன்.

மூன்றுமே வில்லும் அம்பும் பிடித்தவர்களிடமிருந்து வந்தவை. இலக்கு என்பது எய்யப்படுவது. ‘லட்சியம்’ வடமொழி, அங்கேயும் பொருள் அதுதான். குறிக்கோளில் இருக்கிற ‘குறி’யும் குறிவைப்பதுதான். பிறந்த இடம் ஒன்று. ஆனால் குடித்தனம் போன இடம் வேறு வேறு. ‘இந்த மாத விற்பனை இலக்கு’ என்போம், ‘விற்பனை லட்சியம்’ என்றால் சிரிப்பு வரும். இலக்குக்கு எண்ணும் தேதியும் இருக்கும். லட்சியத்துக்குத் தியாக வாசனை அடிக்கும்.

அதனால்தான் ‘லட்சியவாதி’யை ‘ஆம்பிஷியஸ்’ என்பதற்கு ஈடாகப் போடுவது தப்பு. லட்சியவாதி கொள்கைக்காகப் பதவியை உதறுகிறவர். நாம் பேசிக்கொண்டிருப்பதோ பதவிக்கு ஆசைப்படுகிறவரைப் பற்றி. இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால் சண்டை வந்துவிடும்.

லட்சியத்துக்கு இன்னொரு பழைய வீடும் உண்டு. ‘அவன் என்னை லட்சியமே செய்யவில்லை’ என்று பழைய உரைநடையில் நிறைய வரும். ‘பொருட்படுத்தவில்லை’ என்று பொருள். அந்த வழக்கு இப்போது தேய்ந்துவிட்டது. ஆனால் அதன் எதிர்ச்சொல் மட்டும் கொழுகொழுவென்று நம்மோடு வாழ்கிறது. அதுதான் அலட்சியம். ‘அலட்சியமாக இருக்காதே’ என்று பிள்ளையைத் திட்டும்போது நாம் லட்சியத்தைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

‘குறிக்கோள்’ ஏதோ மேடைப் பேச்சாளர்கள் உண்டாக்கிய சொல் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். பிறகுதான் திருக்கொண்டீச்சரத்துத் தேவாரத்தில் அப்பர் புலம்புவதைப் படித்தேன். பாலனாகக் கழிந்த நாள், மலர்சூடிய பெண்களோடு கழிந்த நாள், மூப்பு வந்து கோலூன்றிக் கழிந்த நாள் என்று ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு, ‘குறிக்கோ ளிலாது கெட்டேன்’ என்கிறார். ஏழாம் நூற்றாண்டு மனிதர்! ஒரு சொல்லும் பழையதாகத் தெரியவில்லை. எனக்கு 60 முடிந்த அன்று காலையில் ஏனோ இந்த வரிதான் முதலில் நினைவுக்கு வந்தது. அதை விடுங்கள்.

எழுத்து விஷயம்: லகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பது பழைய இலக்கணம். அதற்காக ஒரு இகரத்தைத் துணைக்கு அனுப்பி ‘இலட்சியம்’ ஆக்கினார்கள். வாயால் யாரும் அந்த இகரத்தைச் சொல்வதில்லை. நான் ‘லட்சியம்’ என்றே எழுதுகிறேன். நீங்கள் இகரம் போட்டால் சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் ஒரே பக்கத்தில் மேலே ஒன்று கீழே ஒன்று என்று போட்டால், முப்பது வருடம் சிவப்புப் பேனா பிடித்த கை சும்மா இருக்காது.

“‘பேரவா’ என்று எழுதலாமா?”
— கவிஞர் ஒருவர், தஞ்சாவூர்

கவிதையில் எழுதுங்கள். டீக்கடையில் சொன்னால் ஆள் பெயரா, ஊர்ப் பெயரா என்று கேட்பார்கள். ‘அவா’வைத் துறவு பேசுகிறவர்கள் முன்பே பிடித்துவைத்துக்கொண்டார்கள். பிறவிக்கு வித்தே அதுதான் என்கிறார் வள்ளுவர். அவர் அதற்கு ஒதுக்கிய அதிகாரத்தின் பெயர் ‘அவாவறுத்தல்’. அறுக்க வேண்டிய சொல்லைக் கொண்டு ஒருவரைப் புகழ்வது கஷ்டம்.

“மகள் குரூப் 1 தேர்வுக்குப் படிக்கிறாள். ஒரு வரன் வந்தது. பையனின் அம்மா, ‘பொண்ணு கொஞ்சம் ஆசைக்காரியோ?’ என்று கேட்டுவிட்டுப் போனார். அதில் என்ன தப்பு என்று என் கணவர் கேட்கிறார். எனக்கு ஏனோ சுருக்கென்று தைத்தது.”
— ஒரு தாய், தேனி

தைக்கத்தான் செய்யும். உங்கள் கணவர் சொல்லைக் கேட்டிருக்கிறார். நீங்கள் அது வந்த தொனியைக் கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குச் சொந்தக் கதை சொல்லித்தான் பதில் சொல்ல வேண்டும். பிழைதிருத்துநர் ஆவதற்கு முன்னால், மதுரையில் ஒரு நாளிதழில் வரி விளம்பரம் வாங்குகிற ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மணமாலைப் பக்கத்துக்கு வியாழக்கிழமை வரை துண்டுச் சீட்டு வாங்குவோம். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. அதனால் ஒவ்வொரு சொல்லையும் எண்ணித்தான் எழுதுவார்கள். மாப்பிள்ளைக்கு ‘சொந்தத் தொழில்’, ‘ஐந்து இலக்க வருமானம்’, ‘கெட்ட பழக்கம் இல்லாத’. பெண்ணுக்கு ‘நல்ல நிறம்’, ‘குடும்பப் பாங்கான’. இந்தக் ‘குடும்பப் பாங்கான’ என்பதை மட்டும் எத்தனை ஆயிரம் தடவை எண்ணியிருப்பேன்!

ஒருநாள் ஒரு பெரியவர் வந்தார். கக்கத்தில் துணிப்பை, சட்டைப் பையில் மடித்த தாள். மகள் எம்.எஸ்சி. படித்து ஏதோ தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். தாளில் அழகான கையெழுத்தில் ‘லட்சியமுள்ள’ என்று இருந்தது. “பொண்ணே எழுதிக் குடுத்துச்சு” என்றார். நான் எண்ணி முடித்துத் தொகையைச் சொன்னேன். பணத்தை எடுத்தவர் ஜன்னலில் வைக்காமல் நின்றார். “ஏம்மா, இந்த ஒரு வார்த்தையை எடுத்துட்டா எவ்வளவு கொறையும்?” என்றார். சொன்னேன். “அப்ப அதுக்குப் பதிலா ‘அமைதியான’னு போட்ருங்க. காசு ஒண்ணுதானே?” என்றார். ஒன்றுதான். நானே என் கையால் அடித்து எழுதினேன். ‘லட்சியமுள்ள’ மேல் இழுத்த கோடு கொஞ்சம் கோணலாகப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

எனக்கும் நடந்திருக்கிறது. வேறோர் அலுவலகத்தில் தலைமைப் பிழைதிருத்துநர் இடம் காலியானது. பத்து வருடம் அனுபவம் இருந்தது; மனு கொடுத்தேன். கூப்பிட்டு உட்கார வைத்து, காபி வாங்கிக் கொடுத்து, “உங்களுக்கு எதுக்கும்மா இந்த ஆசையெல்லாம்? ராத்திரி ஷிப்ட் வேற வரும்” என்றார்கள். எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருவருக்கு அந்த இடம் போனது. அவரைப் பற்றிச் சுற்றறிக்கையில் ‘துடிப்பானவர்’ என்று இருந்தது. அந்தச் சுற்றறிக்கைக்கு மெய்ப்புப் பார்த்ததே நான்தான். பிழை எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஆக, ஒரே குணத்துக்கு ஆணுக்கு ‘துடிப்பு’, பெண்ணுக்கு ‘ஆசை’. ‘ஆசைக்காரி’ என்பதில் நகை, புடவை, பணம் என்று ஒரு பட்டியலே மறைந்திருக்கிறது. அந்த அம்மா திரும்ப வந்தால் சண்டை போடாமல், “ஆமாம், அவளுக்கு டெபுடி கலெக்டர் ஆகணும்னு ஆசை” என்று முழுசாகச் சொல்லிவிடுங்கள். எதற்கு ஆசை என்று சொல்லிவிட்டால் அந்தச் சொல்லில் இருக்கிற முள் பாதி உதிர்ந்துவிடும். மீதிப் பாதி உதிராவிட்டால் அந்த வரன் வேண்டாம்.

“‘ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க’ என்று பாட்டி சொல்வார். தாசில் என்றால் என்ன?”
— ஒரு மாணவர், சிவகாசி

தாசில்தார் வேலை பார்ப்பது. அரபு, பாரசீக வழியில் வந்த சொல். ‘தாசில்’ என்றால் வசூல். வரி வசூலை மேற்பார்த்தவர் தாசில்தார். இப்போது வட்டாட்சியர் என்கிறோம். பாட்டி காலத்துக் கிராமத்துக்குக் கண்ணுக்கு எட்டிய உயரமான நாற்காலி அதுதான். இன்றைக்கு அந்த இடத்தைக் கலெக்டர் பிடித்துக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால் அந்த ஆங்கிலச் சொல்லுக்கும் வசூலிப்பவர் என்றுதான் பொருள். நாற்காலி உயர்ந்திருக்கிறது, வேலை மாறவில்லை.

இந்தக் குடும்பத்துப் பழமொழிகளைக் கொஞ்சம் சேர்த்து வைத்துப் பாருங்கள். முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டாற்போல. உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகுமா? கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். விரலுக்கேத்த வீக்கம். அகலக்கால் வைக்காதே. ஒன்றாவது ‘ஏறிப் பார்’ என்கிறதா? எல்லாம் இறங்கு, இறங்கு என்றே சொல்கின்றன. எந்தக் குலத்தில் பிறந்தானோ அந்தத் தொழிலையே செய்ய வேண்டியிருந்த காலத்தில், மேலே இருந்தவர்களுக்கு இவை ரொம்ப வசதியாக இருந்திருக்கும். ஊர்க்குருவியைப் பார்த்துச் சொல்ல அந்தப் பழமொழி இருக்கிறது. பருந்தைப் பார்த்துச் சொல்ல ஒன்றும் இல்லை. பாட்டியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு யாரோ சொன்னதை அவர் உங்களுக்குச் சொன்னார்.

‘அகலக்கால்’ மட்டும் விதிவிலக்கு. அது ஆளை மட்டம் தட்டுவதில்லை. கடன் வாங்கி இரண்டாவது கடை திறக்கிறவனிடம் அக்கறையோடு சொல்கிற சொல். வள்ளுவரும் இதை, நுனிக்கொம்பு வரை ஏறிவிட்டவன் அதற்கும் மேலே ஏறப் பார்த்தால் உயிருக்கே முடிவாகும் என்கிறார். ஏறாதே என்று சொல்லவில்லை, கவனியுங்கள். நுனிவரை ஏற விட்டுவிட்டுத்தான் எச்சரிக்கிறார். அதே மனிதர்தான் ‘உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்’ என்றும் சொன்னார்.

“‘வெறித்தனமாகப் படிக்கிறான்’, ‘வைராக்கியமாக ஜெயித்தான்’ என்பவை சரியான வழக்கா?”
— வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

சரியான வழக்குதான். இரண்டுமே தலைகீழாகப் புரண்ட சொற்கள்.

வைராக்கியத்தின் மூலப்பொருள் பற்றின்மை. எல்லாம் வேண்டாம் என்று விடுவது. பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்கிறோமே, அங்கே அந்தப் பழைய பொருள் இன்னும் மிச்சம் இருக்கிறது. சுடுகாட்டில் நிற்கும்போது ‘என்னடா வாழ்க்கை’ என்று தோன்றும். வீட்டுக்கு வந்து குளித்ததும் போய்விடும். ஆனால் “பக்கத்து வீட்டுக்காரன் கேவலமாப் பேசுனான்னு வைராக்கியமாப் படிச்சு வேலை வாங்கிட்டா” என்னும்போது விடுவது எங்கே இருக்கிறது? பிடிவாதமாகப் பிடிப்பதுதான் இருக்கிறது. துறவியின் சொல்லை எடுத்துக் குடும்பஸ்தர்கள் இப்படி மாற்றிக்கொண்டார்கள். இந்த வைராக்கியத்துக்குப் பின்னால் எப்போதும் ஓர் அவமானம் இருக்கும். அவமானம் இல்லாத இடத்தில் இந்தச் சொல்லைப் போட்டால் ஒட்டாது. ஆங்கிலச் சொல்லில் இந்த வாசனை கிடையாது.

‘வெறி’ இன்னும் பழையது. சங்கப் பாட்டில் முருகன் பூசாரியான வேலன் முருகு ஏறி ஆடுவது வெறியாட்டு. பிறகு கள்வெறி, சாதிவெறி, நாய்க்கு வெறி என்று கெட்ட இடமாகவே சுற்றியது. இப்போது பிள்ளைகள் ‘வெறித்தனம்’ என்றால் பாராட்டு. ‘சாதிக்கணும்கிற வெறி’ நல்ல வெறி; ‘பதவி வெறி’ கெட்ட வெறி. முன்னால் நிற்கிற சொல்தான் இதற்குக் கடிவாளம்.

சினிமாக்காரர்கள் ‘பசியோட இருக்கான்’ என்பார்கள். சோற்றுக்கு இல்லை, வாய்ப்புக்கு. புதுசு மாதிரி இருக்கிறதா? புறநானூற்றின் 190ஆம் பாட்டைப் பாருங்கள். பாடியவர் சோழன் நல்லுருத்திரன். விளைந்த கதிரைக் கொண்டுபோய் வளைக்குள் குவிக்கிற எலியைப் போன்றவர்களின் நட்பு வேண்டாம் என்கிறார். வேண்டியது யார்? அடித்த பன்றி இடப்பக்கம் விழுந்தது என்பதற்காக அன்றைக்கு அதைத் தின்னாமல் விட்டு, மறுநாள் எழுந்து போய் யானையை வலப்பக்கம் விழ வீழ்த்துகிறதே, அந்தப் புலி. ‘புலிபசித் தன்ன மெலிவில் உள்ளத்து உரனுடை யாளர்’ என்பது அவர் சொல். புலி பசித்தது போன்ற தளராத உள்ளம்! எலிக்கும் ஆசை இருக்கிறது, புலிக்கும் ஆசை இருக்கிறது. பேராசைக்கும் நாம் தேடுகிற சொல்லுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாக வேறு யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை. இதில் எனக்கு ஒரே வருத்தம்: ‘மெலிவில் உள்ளத்து’ என்று பயோடேட்டாவில் போட முடியாது.

“ஆங்கிலச் சொல்லின் வேர் என்ன? அங்கேயாவது அது நல்ல சொல்லா?”
— வழக்கறிஞர், திருச்சி

அங்கேயும் பிறக்கும்போது நல்ல பெயர் இல்லை. லத்தீனில் சுற்றி நடப்பது என்ற பொருள். பழைய ரோமில் பதவிக்கு நிற்கிறவர்கள் வாக்குக் கேட்டுச் சுற்றி வந்ததைச் சொன்ன சொல். வெளுத்த வெள்ளை அங்கி போட்டுக்கொண்டுதான் சுற்றுவார்கள். ‘வெள்ளை உடுத்தியவர்’ என்பதிலிருந்துதான் வேட்பாளருக்கான ஆங்கிலச் சொல்லே வந்தது. காசு கொடுத்து ஓட்டு வாங்கும் குற்றத்துக்கும் அங்கே இதே வேரில் ஒரு பெயர். வெள்ளை உடுப்பு, தெருத்தெருவாக நடை, காசு... வழக்கறிஞருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நம்மூர்க் கட்சிகள் இதில் கெட்டிக்காரர்கள். சீட்டு கேட்பவர் கட்டணம் கட்டிக் கொடுக்கிற தாளுக்கு ‘விருப்ப மனு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ‘ஆசை மனு’ என்று வைத்திருந்தால் ஒருவரும் வாங்கியிருக்க மாட்டார்.

“செய்திகளில் ‘லட்சியத் திட்டம்’ என்று மொழிபெயர்க்கிறோம். சரியா?”
— துணை ஆசிரியர் ஒருவர், சென்னை

திட்டத்துக்கு லட்சியம் கிடையாது தம்பி, தீட்டியவருக்குத்தான் உண்டு. பெரிதாக இருந்தால் ‘மாபெரும் திட்டம்’. முடியுமா என்று சந்தேகம் இருந்தால் ‘எட்டக் கடினமான இலக்கு’. ஒரு தலைவர் அதைப் பிடித்துக்கொண்டு அலைகிறார் என்றால் ‘கனவுத் திட்டம்’. ஒரு காலத்தில் கனவு என்றாலே பகல் கனவு என்று கேலிதான். அப்துல் கலாம் ஊர் ஊராகப் பிள்ளைகளிடம் போய்க் கனவு காணச் சொன்ன பிறகு அந்தச் சொல்லுக்கு ஒரு கௌரவம் வந்துவிட்டது. தாராளமாகப் பயன்படுத்துங்கள். மூல ஆங்கிலத்தில் நக்கல் இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பல நேரம் இருக்கும்.

“மேலதிகாரி கேட்பதற்கு முன்பே வேலையை எடுத்துச் செய்வேன். அலுவலகத்தில் எனக்கு ‘முந்திரிக்கொட்டை’ என்று பெயர். இது ‘ஆம்பிஷியஸ்’ என்பதன் தமிழா?”
— ஒரு வாசகர், பண்ருட்டி

இல்லை. உயர ஆசைப்படுகிறவர் வேறு, முறை வருவதற்குள் மூக்கை நீட்டுகிறவர் வேறு. எல்லாப் பழத்துக்கும் கொட்டை உள்ளே இருக்க, முந்திரிக்கு மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. அதனால் வந்த பெயர். அதைப் போய்ப் பண்ருட்டிக்காரர் என்னிடம் கேட்கிறீர்களே! உங்கள் ஊரில் மூட்டை கட்டி எடை போட்டு விற்பது பழத்தையா, கொட்டையையா?